நானூறு கதிரைகளுக்கு ஒரு தரவுத்தளம்

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்துவிட்டன. மாமாவின் வாடகைச் சாமான் கடை இந்தத் தடவை வேறு கடையில் ஒரு கதிரைகூடக் கடன் வாங்காமல் மாதத்தைக் கடந்திருக்கிறது. ஆகவே அந்தக் கடைக்கு நான் செய்த கணினி முன்பதிவு முறைமையைப் பற்றி இப்போது எழுதலாம் என்று துணிகிறேன்.

கடை யாழ்ப்பாணத்து இணுவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பிளாஸ்ரிக் கதிரை, மேசை, கிடாரம், தாம்பாளம், தகரப் பந்தல், குழல் விளக்கு, ஒரு மணவறை, இரண்டு ஜெனரேற்றர். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் சாமான் இங்கிருந்து லான்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறும். நான் வணிகத் தகவல் முறைமைகளும் தரவுத்தள வடிவமைப்பும் அடங்கிய வெளிவாரிப் பட்டம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்கு உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் வேண்டும். கூடப் படிப்பவர்களில் பலர் நூலகம் அல்லது மருந்தகம் என்று எடுத்தார்கள். அவற்றுக்கு ஆயத்த வரைபடங்கள் எங்கும் கிடைக்கும். வாடகைச் சாமான் கடைக்குக் கிடைக்காது. நான் இதை எடுத்ததற்கு அதுதான் காரணம். பின்னர் நொந்துகொண்டதற்கும் அதுதான்.

முதலில் செலவு. நான்கு ஜிகாபைற் நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி 48,000 ரூபாய். யூபிஎஸ் 14,500. 80 மில்லிமீற்றர் அகலத் தாளில் அச்சிடும் வெப்ப அச்சுப்பொறி 23,000. இரண்டு பென்டிரைவ் 3,400. மொத்தம் 88,900. மென்பொருளுக்கு ஒரு சதமும் செலவில்லை: தரவுத்தளத்துக்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைற்; அதன்மேல் பைதன் மொழியிலும் பிளாஸ்க் என்ற அதன் இணையச் சட்டகத்திலும் எழுதிய சிறிய இணையச் செயலி. மடிக்கணினி கடை மேசையில் இருக்கும். களஞ்சியத்தில் நிற்பவர்கள் வைஃபை வழியே தொலைபேசியில் அதே பக்கத்தைத் திறப்பார்கள். ஒரு கடை, ஒரு கணினி, ஒரே நேரத்தில் அதிகம் போனால் மூன்று பேர். இதற்குப் பெரிய சேவையகத் தரவுத்தளம் எதுவும் தேவையில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை இன்றும் மாற்ற மாட்டேன்.

யூபிஎஸ் வாங்கச் சொன்னவர் மாமா. 2022 பங்குனியில் ஒரே நாளில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றதை அவர் மறக்கவில்லை. கடையின் முன்பதிவுகள் அதுவரை ஒரு கொப்பியில்தான் எழுதப்பட்டுவந்தன. "மின்சாரம் போனால் உன்னுடைய பெட்டி நின்றுவிடும். என்னுடைய கொப்பி நிற்காது, தம்பி" என்றார்.

கொப்பி

கொப்பியைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே நான் வரைபடம் வரைந்துவிட்டேன். தரவுத்தளத்தை வரைந்து காட்டக் கணினியியலாளர் பீட்டர் சென் 1976 இல் தந்த பெட்டிகளும் சாய்சதுரங்களும்: வாடிக்கையாளர், பொருள், முன்பதிவு. மூன்று பெட்டி, இரண்டு கோடு. அழகாக இருந்தது. எந்தக் கடைக்கும் பொருந்தும் அளவுக்கு அழகாக இருந்ததால் இந்தக் கடைக்குப் பொருந்தவில்லை.

பிறகுதான் கொப்பியின் பக்கங்களைத் தொலைபேசியில் படம் பிடித்து, வீட்டிலிருந்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சுச் செய்தேன். தாளைத் தெளிவாக்கும் செயலி ஒன்றைக் கறுப்பு வெள்ளை அமைப்பில் வைத்திருந்தேன். எழுத்து நன்றாகத் தெரிந்தது. உள்ளிட்டு முடித்து மாமியிடம் காட்டினேன். கடைக் கணக்கைப் பார்ப்பவர் மாமிதான். மாமா பேரம் பேசுவார், பந்தல் கட்டுவார். மாமி திரையைப் பார்த்துவிட்டு, "இதில் எது பென்சில்?" என்று கேட்டார்.

கொப்பியில் பென்சிலால் எழுதியிருந்தால் நாள் பார்த்தாயிற்று, மண்டபம் உறுதியில்லை என்று பொருள். பேனாவால் எழுதியிருந்தால் முற்பணம் கைக்கு வந்துவிட்டது. சிவப்புக் கோடு இழுத்திருந்தால் சாமான் முழுவதும் திரும்பவில்லை. இடப்பக்க ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தால் அது மாமாவின் சொந்தக்காரர் வீடு, பணம் கேட்கக் கூடாது. ஆக ஒவ்வொரு வரியிலும் நான் பார்த்த விவரங்களைத் தவிர மேலும் நான்கு விவரங்கள் இருந்தன. என்னுடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சிவப்பை விழுங்கிவிட்டன. பென்சிலும் பேனாவும் ஒரே கறுப்பாகிவிட்டன. மூலக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப உள்ளிட்டேன். முன்பதிவு அட்டவணையில் "நிலை" என்றொரு நிரல் (நெடுவரிசை) அதற்குப் பின்புதான் வந்தது: பென்சில், உறுதி, போயிற்று, குறை, முடிந்தது. முதல் நிலைக்குப் "பென்சில்" என்றே பெயர் வைத்தேன். அறிக்கையில் மட்டும் "தற்காலிகம்".

வாடிக்கையாளர் பெட்டியும் உடைந்தது. பாடநூலில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு நிரல்கள். எங்களுக்கு முன்னெழுத்தும் பெயரும்தான். ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் ஒரே ஒழுங்கையில் இருப்பார்கள். மாமி ஆட்களைப் பிரித்தறிவது "கோயிலடி வாத்தியார் வீடு", "பழைய சங்கக்கடைக்குப் பின்வீடு" என்ற முறையில். ஆகவே பெயருக்கு ஒரே நிரல், பக்கத்தில் "அடையாளம்" என்று கட்டுப்பாடில்லாத நிரல் ஒன்று. முறைமை முழுவதிலும் தேடலுக்கு அதிகம் பயன்படுவது அந்த இரண்டாவது நிரல்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், "வாடிக்கையாளர்" என்று ஒருவர் இல்லை என்பது. முன்பதிவு செய்பவர் கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் பெண்ணின் சித்தப்பா. முற்பணம் கொண்டுவருபவர் அவருடைய நண்பரின் மகன். சாமானைப் பொறுப்பெடுப்பவர் வீட்டில் இருக்கும் பெரியம்மா. இரண்டு கதிரை குறைந்தால் யாரிடம் கேட்பது? முன்பதிவுக்கும் ஆளுக்கும் நடுவே "பொறுப்பு" என்றொரு அட்டவணையைச் செருகினேன். பேசியவர், கட்டியவர், ஏற்றவர்: ஒரே ஆள் மூன்றாகவும் இருக்கலாம், மூவர் தனித்தனியாகவும் இருக்கலாம். தொலைபேசி எண்ணை எழுத்து வகையில் வைத்தேன். எண் வகையில் வைத்தால் 021 இன் முதல் சுழியம் போய்விடும், வெளிநாட்டு எண்ணின் முன்னால் வரும் கூட்டல் குறிக்கும் இடமிருக்காது.

கையிருப்பு நிரல்

முதல் வடிவத்தில் பொருள் அட்டவணையில் "கையிருப்பு" என்ற நிரல் இருந்தது. சாமான் போனால் கழிக்க வேண்டும், வந்தால் கூட்ட வேண்டும். செய்நிரலில் ஒரு வரி. இரண்டு வாரம் சரியாக ஓடியது. பிறகு நிரல் 391 என்றது. களஞ்சியத்தில் எண்ணினால் 383. எந்த வீட்டில், எந்த நாளில் எட்டுக் கதிரை நழுவியது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எண் மாறும்போது பழைய எண் அழிந்துவிடுகிறது. யாரோ ஒருவர் தொலைபேசியில் "வந்தது" பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருக்கலாம், அழுத்தாமலும் விட்டிருக்கலாம்.

மாமியிடம் கேட்டேன்: கொப்பியில் மிச்சத்தை எங்கே எழுதுகிறீர்கள்? "எழுதுவதில்லை. போனதை எழுதுவேன், வந்ததை எழுதுவேன். மிச்சம் வேண்டுமென்றால் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன்" என்றார். பாடத்தில் இதையே கணித்துப் பெறக்கூடிய மதிப்பைச் சேமிக்காதே என்று படித்து, பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன்.

கையிருப்பு நிரலைத் தூக்கிவிட்டு "நகர்வு" அட்டவணையை உருவாக்கினேன். ஒவ்வொரு நிரையிலும் (கிடைவரிசையிலும்) எந்தப் பொருள், எத்தனை, எங்கிருந்து, எங்கே, எப்போது, எண்ணியவர் யார் என்ற ஆறு விவரங்கள். இடங்கள் என்றால் களஞ்சியம், முன்பதிவு வீடு, திருத்த வேலை, கழிவு, பிறர் என ஐந்து வகை. 150 கதிரை ஒரு வீட்டுக்குப் போனால் களஞ்சியத்திலிருந்து அந்த வீட்டுக்கு 150. திரும்பி வரும்போது 148 என்றால் 148 மட்டும். மீதி இரண்டும் எழுதாமலேயே அந்த வீட்டின் பெயரில் நிற்கும். உடைந்தது என்று ஒப்புக்கொண்டால் வீட்டிலிருந்து கழிவுக்கு இரண்டு. ஒவ்வொரு நகர்வும் ஓரிடத்தில் குறைத்து இன்னோரிடத்தில் கூட்டுவதால் மொத்தம் என்றும் மாறாது. நிரைகளை மாற்றவோ அழிக்கவோ செயலியில் வழியில்லை. பிழை என்றால் எதிர்த் திசையில் ஒரு நகர்வு போட வேண்டும். இதற்குப் பின் கணக்கு வேறுபட்டாலும் எந்த நாளில், யாருடைய எண்ணிக்கையில் வேறுபட்டது என்று பார்க்க முடிகிறது.

"பிறர்" என்ற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கலியாணத்தில் இரண்டு மூன்று கடைகளின் கதிரைகள் கலந்துவிடும். எங்களுடையவற்றின் அடியில் பச்சைப் புள்ளி. நீலப் புள்ளி உள்ளவையும் சேர்ந்து வந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும், கதிரை எங்களுடையதாக இருக்காது. இப்போது அவற்றைப் பிறரிடமிருந்து களஞ்சியத்துக்கு வந்ததாகத் தனியே பதிகிறோம். வாடகைக்கு விடும் கணக்கில் அவை சேர்வதில்லை.

ஒவ்வொரு கதிரைக்கும் தனி எண் ஒட்டிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். ஒட்டுத்தாள் முதல் கழுவலிலேயே உரிந்தது. கதிரைக்கு எண் தேவையும் இல்லை, எல்லாம் ஒன்றுதான். கிடாரத்துக்கு அப்படியில்லை: 10 கிலோ அரிசிக் கிடாரத்துக்குப் பதிலாக 25 கிலோக் கிடாரத்தைக் கொடுக்க முடியாது; மூடியும் மாறக் கூடாது. கிடாரம், ஜெனரேற்றர், மணவறை ஆகியவற்றுக்கு மட்டும் தனிப்பொருள் அட்டவணை வைத்தேன். கிடாரத்தில் எண்ணை ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தினோம். பெயின்ற் அடுப்பில் கருகிவிடும்.

இந்தக் கட்டத்தில் எஸ்கியூலைற் ஒரு பாடம் புகட்டியது. சோதனைக்காக ஒரு முன்பதிவை அழித்தேன். அதன் நகர்வுகள் அநாதையாக அப்படியே கிடந்தன. ஓர் அட்டவணையின் நிரை இன்னோர் அட்டவணையின் எந்த நிரையைச் சேர்ந்தது என்று சொல்லும் அந்நியச் சாவிகளை ஒழுங்காகத்தான் அறிவித்திருந்தேன். ஆனால் எஸ்கியூலைற் அவற்றைத் தானாக அமுல்படுத்துவதில்லை. ஒவ்வொரு முறை இணைப்பைத் திறக்கும்போதும் அந்நியச் சாவிச் சோதனையை இயக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இப்போது இணைப்பைத் திறக்கும் ஒரே இடத்தில் அந்த வரி இருக்கிறது. வேறெங்கும் நேரடியாகத் தரவுத்தளத்தைத் திறக்க நான் விடுவதில்லை.

எத்தனை கதிரை இருக்கும்?

கடைக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த ஒரு கேள்விக்கான விடைதான். இன்று எத்தனை இருக்கிறது என்பதல்ல. ஆவணி 12 மாலையிலிருந்து 14 காலை வரை எத்தனை இருக்கும் என்பது.

நாளை அலகாக வைத்தது முதலில் இடறியது. காலையில் திரும்பும் கதிரை மாலையில் வேறு வீட்டுக்கு ஏறும். நாள் கணக்கில் அது இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் போனதாகி, இல்லை என்று காட்டும். ஆகவே ஒவ்வொரு நாளையும் காலை, மாலை என்று இரண்டாக வெட்டினேன். 2024 தை முதலாம் திகதியிலிருந்து எண்ணும் ஒரு முழு எண். காலைக்கு இரட்டைப்படை, மாலைக்கு ஒற்றைப்படை. தொடக்க அரைநாள் கணக்கில் சேரும், முடிவு அரைநாள் சேராது. கிடாரம் கழுவிக் காய வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் முடிவில் ஓர் அரைநாள் கூடும்.

இரண்டு முன்பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்ப்பது எளிது: இதன் தொடக்கம் அதன் முடிவுக்கு முன்னும், அதன் தொடக்கம் இதன் முடிவுக்கு முன்னும் இருந்தால் மோதல். மோதும் முன்பதிவுகளின் கதிரைகளையெல்லாம் கூட்டி, மொத்தத்திலிருந்து கழித்தேன். அங்கேதான் பிழை நுழைந்தது.

கோயில் மடம் ஒன்றில் மூன்றாம் திகதியிலிருந்து ஆறாம் திகதி வரை 180 கதிரை கேட்டார்கள். மூன்றாம் திகதி ஒரு வீட்டுக்கு 200, ஆறாம் திகதி வேறொரு வீட்டுக்கு 200 ஏற்கெனவே பதிவாகியிருந்தன. இரண்டும் மடத்தின் காலத்தோடு மோதுகின்றன. ஆகவே 200 உடன் 200 கூட்டி 400, மிச்சம் சுழியம், "இல்லை" என்றது திரை. ஆனால் அந்த இரண்டு வீடுகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. எந்த அரைநாளிலும் 200 கதிரைக்கு மேல் வெளியே இருக்காது. 180 ஐத் தாராளமாகக் கொடுத்திருக்கலாம். மாமா திரையை நம்பி இல்லை என்று சொல்லிவிட்டார். மடத்தார் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். கொப்பியைப் புரட்டியிருந்தால் மாமி அரை நிமிடத்தில் கொடுத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

திருத்தம் இப்படி: கேட்கும் காலத்தின் ஒவ்வோர் அரைநாளுக்கும் ஒரு நிரையைத் தன்னைத்தானே அழைக்கும் வினவலால் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியால்) உருவாக்க வேண்டும். ஒவ்வொரு நிரையோடும் அந்த அரைநாளை உள்ளடக்கும் முன்பதிவுகளை இணைத்துக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைகளில் மிகப் பெரியதை மட்டும் மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். வினவல் பதினைந்து வரிக்குள் அடங்கிவிட்டது. ஜெனரேற்றர் போன்ற தனிப்பொருளுக்கு மட்டும் பழைய மோதல் சோதனையே போதும்.

அடுத்த பிழை எதிர்த்திசையில் வந்தது. இதுதான் பணத்தைத் தின்றது. உடுவிலில் ஒரு செத்தவீட்டுக்கு 150 கதிரை போயிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். தகனம் எப்போது என்று தெரியாது. ஆகவே திரும்பும் நாளைக் காலியாக விட்டுப் பதிந்தார்கள். அதே வாரத்தில் ஒரு கலியாணத்துக்கு 300 கதிரை கேட்டார்கள். முறைமை 400 இருக்கிறது என்றது. ஏற்றும் மாலையில் களஞ்சியத்தில் 250 தான். குறைந்த 50 ஐயும் கொக்குவிலில் வேறொரு கடையில், நாங்கள் 20 ரூபாய்க்கு விடும் கதிரையை 25 ரூபாய் வீதம் வாங்கி, இருட்டில் லான்ட்மாஸ்ரரை இன்னொரு முறை ஓட்டினோம். 1,250 ரூபாயும் டீசலும் போயின. மாமாவின் முகம் தனிக் கணக்கு.

காரணம் அந்தக் காலி நிரல். வெற்று மதிப்போடு எதை ஒப்பிட்டாலும் விடை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, தெரியாது என்பதே. தெரியாது என்று வரும் நிரையை வினவல் ஓசைப்படாமல் விட்டுவிடும். முடிவு நாள் இல்லாத செத்தவீடு எந்தக் காலத்தோடும் மோதாததாகி, 150 கதிரையும் திரையில் களஞ்சியத்துக்குத் திரும்பிவிட்டன. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. வேடிக்கை என்னவென்றால் நகர்வு அட்டவணை அப்போதும் சரியாக 250 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு விடைகளையும் அருகருகே யாரும் பார்க்கவில்லை.

காலி இடத்தில் வெகு தொலைவான நாளைப் போடுவது முதல் யோசனை. அப்படிச் செய்தால் ஆவணிக்கும் அந்தக் கதிரைகள் இல்லை என்று காட்டும். மாமா "மூன்று நாள் வை" என்றார். இப்போது நிகழ்வு வகை அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் ஊகக் காலம் ஒன்று இருக்கிறது; செத்தவீட்டுக்கு மூன்று நாள். மூன்று நாள் கடந்தும் நகர்வில் திரும்பியதாக இல்லையென்றால் முடிவு தானாக நாளைக்கு நாள் தள்ளிப்போகும். காலையில் கடை திறந்ததும் முதல் பக்கத்தில் இரண்டு எண்களும் அருகருகே வரும்: நகர்வின்படி களஞ்சியத்தில் எத்தனை, முன்பதிவின்படி எத்தனை. வேறுபட்டால் சிவப்பு.

செத்தவீடுகள் இன்னொரு விதியையும் உடைத்தன. முதல் நேர்காணலில் மாமா, "முற்பணம் இல்லாமல் பதிவு இல்லை" என்று அடித்துச் சொன்னார். நானும் முற்பணம் சுழியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே கட்டுப்பாடு போட்டுவிட்டேன். மாதமுடிவில் மாமி கணக்குப் பார்த்தபோது ஒரு ரூபாய் முற்பணங்கள் அங்கும் இங்குமாகக் கிடந்தன. எல்லாம் செத்தவீடுகள். இழவு சொல்லி வந்தவரிடம் யார் முற்பணம் கேட்பார்? களஞ்சியத்தில் நின்ற தம்பி பதிவு ஏற்கப்பட வேண்டுமே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் போட்டிருக்கிறான். அவனில் பிழையில்லை. கட்டுப்பாட்டை நிகழ்வு வகையோடு சேர்த்துத் திருத்தினேன். அதன் பின் மாமாவிடம் கேட்ட ஒவ்வொரு விதிக்கும் பின்னால், "இதை எப்போது மீறுவீர்கள்?" என்றும் கேட்டேன். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் முதல் கேள்விக்குக் கிடைத்தவற்றைவிட நீளமானவை.

தமிழ், தாள், பிரதி

பழைய விலைப்பட்டியல் யுனிக்கோடு முறைக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருந்தது. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யுனிக்கோடாக்கினேன். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தன. ஆனால் "கோப்பை" என்று தேடினால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் கோப்பை வரவில்லை. கோ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. மாற்றி இரண்டாகப் பிரித்துத் தந்திருந்தது. தொலைபேசி விசைப்பலகை ஒன்றாகத் தந்தது. தரவு உள்ளே நுழையும்போதும் தேடும்போதும் பைதனின் யுனிக்கோடு ஒருங்குபடுத்தலை ஒரே வடிவத்தில் ஓட்டியதும் தீர்ந்தது.

அகரவரிசையில் நான் வீணாக்கிய நேரம் அதிகம். எஸ்கியூலைற் குறியீட்டு எண்ணின்படி அடுக்கும். அதில் ந வை அடுத்து ன வந்துவிடும். ஆகவே பன்னீர்ச்செம்பு பலகைக்கு முன்னால் வந்து நின்றது. அதைத் திருத்த ஓர் அடுக்கு விதி எழுதி, பெருமையோடு மாமிக்குக் காட்டினேன். அவருக்கு அகரவரிசையே வேண்டாமாம். லான்ட்மாஸ்ரரில் ஏற்றும் வரிசையில் வர வேண்டும்: பந்தல் கம்பி, தகரம், மேசை, கிடாரம், கடைசியில் கதிரை. பொருள் அட்டவணையில் "ஏற்று வரிசை" என்று ஓர் எண் நிரல் சேர்த்ததோடு என்னுடைய அடுக்கு விதி ஓய்வுபெற்றது.

அச்சுப்பொறியை நான் வாங்கியிருக்கக் கூடாது. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. பற்றுச்சீட்டைப் படமாக வரைந்து, 576 புள்ளி அகலத்தில் அனுப்ப வேண்டும். வரைவதற்குப் பயன்படுத்திய பில்லோ நூலகமும் முதலில் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டது; ராக்ம் என்ற துணை நூலகத்தைச் சேர்த்த பின்புதான் ஒழுங்காயிற்று. இவ்வளவும் செய்தபின், வெப்பத் தாளில் கார்பன் பிரதி எடுக்க முடியாது என்பது உறைத்தது. சாமானை ஏற்பவர் ஒப்பமிட்ட பிரதி கடைக்கு வேண்டும். இரண்டு முறை அச்சிட்டால், தகரக் கூரையின் கீழ் வைத்த பிரதி சில மாதங்களில் வெளிறிவிடுகிறது. இப்போது கார்பன் பற்றுப் புத்தகத்தில் கையால் எழுதி ஒப்பம் வாங்குகிறார்கள்; முறைமை முன்பதிவு எண்ணை மட்டும் தருகிறது. அச்சுப்பொறி மேசையின் கீழே இருக்கிறது. திரும்பச் செய்தால் அந்த 23,000 ரூபாயில் தாளில் அடித்து அச்சிடும் பழைய புள்ளி அச்சுப்பொறி ஒன்றும் இரட்டைத் தாளும் வாங்குவேன்.

காப்புப் பிரதிக்கு மாமி ஒவ்வொரு மாலையும் தரவுத்தளக் கோப்பைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டுவந்தார். ஒரு நாள் அந்தப் பிரதியை வேறு கணினியில் திறந்தேன். அன்றைய பதிவுகள் இல்லை. வேகத்துக்காக, மாற்றங்களைப் பக்கக் கோப்பு ஒன்றில் முதலில் எழுதும் முறையை நான் இயக்கியிருந்தேன். மூலக் கோப்பை மட்டும் எடுத்தால் பக்கக் கோப்பில் நிற்பவை வராது. இப்போது ஒரு பொத்தான், எஸ்கியூலைற்றின் சொந்தக் கட்டளையால் முழுமையான புதிய கோப்பை எழுதுகிறது. மாதத்தின் முதல் நாளில் அதை என்னுடைய கணினியில் திறந்து கதிரை எண்ணிக்கையை ஒப்பிடுகிறேன். அந்த வேகம் தேவையே இல்லை என்பது வேறு கதை: நகர்வு அட்டவணையில் இன்றுவரை சில ஆயிரம் நிரைகள்தான். தேடலை வேகமாக்கும் சுட்டிகள் பற்றி அறிக்கையில் எழுதிய மூன்று பக்கமும் பரீட்சகருக்காக மட்டும் எழுதப்பட்டவை.

விலையைப் பற்றியும் குறித்துவைக்கிறேன். வாடகையைப் பொருள் அட்டவணையிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுக்காமல், முன்பதிவு வரியிலேயே அன்றைய விலையை எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் விலை கூட்டிய அன்று பழைய பற்றுகள் எல்லாம் கூடிவிடும். பணம் முழு ரூபாயில், முழு எண்ணாக. சதம் கேட்டு யாரும் வரவில்லை.

ஆவணிக்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செத்தவீட்டுக்குச் சாமான் போனால் எட்டுச்செலவுக்கும் 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கும் அதே வீட்டுக்குத் திரும்பவும் கதிரையும் கிடாரமும் பெரும்பாலும் போகும். மாமி கொப்பியில் அந்த நாட்களில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைப்பார்; அந்தக் கோட்டை முறைமையும் போட வேண்டும். அவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாமே என்று கேட்டேன். மாமா மறுத்துவிட்டார்: "செத்தவீட்டுக்காரருக்கு நாங்கள் முதலில் பேசக் கூடாது. அவர்கள் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும்." ஆகவே செய்தி அனுப்பும் பகுதி இல்லை. பென்சில் நிலையில் ஒரு முன்பதிவு தானாக உருவாகும். வேறு யாராவது அந்த நாளில் கதிரை கேட்டால் திரையின் ஓரத்தில் "100 ஒதுக்கி வைத்திருக்கிறது" என்று வரும். கொடுப்பதா இல்லையா என்பதை மாமி முடிவு செய்வார். ஒதுக்கும் எண்ணிக்கையை முதல் நாள் போன கதிரையில் பாதியாக வைத்திருக்கிறேன். அது சரியா என்று கொப்பியின் பழைய பக்கங்களில் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை வண்ணப் படங்களில்.